பெட்டிக்குள் அடங்கிய வயலின்கள்

திரைப்படப் பாடலின் இடையிசையில் நாற்பது ஐம்பது வயலின்கள் ஒருசேர எழுந்து அடங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்று அவ்வாறு ஒலிக்கும் பல பாடல்களுக்கு ஒலிப்பதிவு நடந்தபோது அங்கே ஒரு வயலின்கூட இருந்ததில்லை. இசையமைப்பாளர் கணிப்பொறியின் முன் அமர்ந்து, பியானோவினுடையதைப் போன்ற கட்டைகள் கொண்ட கீபோர்டு ஒன்றை வாசித்திருப்பார். என்றோ ஒருநாள், எங்கோ ஓர் அரங்கில், உண்மையான வயலின் கலைஞர்கள் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிவு செய்து வைத்த ஒலித்துண்டுகள் அந்தக் கணிப்பொறியில் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. கட்டையை அழுத்தியதும் உரிய துண்டு ஒலிக்கிறது. இத்தகைய ஒலித்துண்டுக்கு ‘ஸாம்பிள்’ என்றும், அவற்றின் தொகுப்புக்கு ‘ஸாம்பிள் நூலகம்’ என்றும் பெயர்.

எளிய ஏற்பாடாகத் தோன்றுகிறதல்லவா? ஒலியைப் பதிவு செய்யக் கற்றுக்கொண்ட நாளிலேயே இதையும் செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதற்கான முதல் கருவி பிறந்ததிலிருந்து, பழகிய காதும் ஏமாறும் அளவுக்கு முயற்சி வெற்றி பெறும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஒரு சுரத்தின் ஒலியைப் பிடித்து வைப்பது விரைவிலேயே கைகூடிவிட்டது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வயலின் எவ்வாறு செல்கிறது என்பதைப் பிடிப்பதில்தான் இத்தனை காலமும் கழிந்தது. அந்த வரலாற்றை இங்கே காண்போம். அதற்கு முன் சிறிது இயற்பியல் வேண்டும்.

வில் தொடும்போது

வீணைத் தந்தியை மீட்டினால் அது தானே அதிர்ந்து அடங்குகிறது. வயலின் தந்தியோ வில் உரசும் வரையில் ஒலித்துக்கொண்டே இருக்கும். வில்லின் மயிரில் ரோசின் பூசப்பட்டிருப்பதால் தந்தி வில்லோடு ஒட்டிக்கொண்டு சிறிது தூரம் இழுபடும், பின் சட்டென்று நழுவித் திரும்பும், மீண்டும் ஒட்டிக்கொள்ளும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் இது நொடிக்கு 440 முறை நிகழ்கிறது. தந்தியின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி வில்லை வைத்தால், ஒவ்வோர் அதிர்விலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நேரம் ஒட்டியும், பத்தில் ஒரு பங்கு நேரம் நழுவியும் தந்தி இயங்கும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தந்தியில் ஒட்டிய ஒரு சிறு மாவுத் துகளை நுண்நோக்கி வழியே கவனித்து இந்த இயக்கத்தைக் கண்டறிந்தார். 1863-இல் வெளிவந்த அவருடைய நூலில் இது விளக்கப்பட்டுள்ளது.

அதை மேலும் ஆழமாக ஆராய்ந்தவர் நம் சர் சி. வி. இராமன். அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த ஒளி ஆய்வைப் பற்றிப் பேசும் நாம் அவருடைய வயலின் ஆய்வை அவ்வளவாக நினைப்பதில்லை. கல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் வெளியீடாக 1918-இல் வில்லிசைத் தந்திகளின் இயக்கவியல் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. பின்னர் வயலினைத் தானே வாசிக்கும் எந்திரம் ஒன்றையும் அமைத்தார். அதில் வில் அசையாது நிற்கும். வயலின்தான் முன்னும் பின்னும் நகரும்! வில்லின் வேகம், அழுத்தம், அது தொடும் இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே மாற்றி அளப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

நமக்கு இங்கே வேண்டிய செய்தி இதுதான். வில் பட்டவுடனே தந்தி ஒழுங்கான அதிர்வுக்கு வந்துவிடுவதில்லை. நொடியின் நூறில் சில பங்கு நேரம் அது தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம்தான் ‘இது வயலின்’ என்று காதுக்கு அடையாளம் காட்டும் முக்கியக் குறிப்புகளில் ஒன்று. மேலும், வில்லை எடுக்காமலே விரலை மாற்றி அடுத்த சுரத்துக்குப் போகும்போது, பழைய அதிர்வு கலைந்து புதிய அதிர்வு உருவாகும் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. மேனாட்டார் ‘லெகாட்டோ’ என்று கூறும் இழைப்பு முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

குழுவாக வாசிக்கும்போது இன்னொன்றும் சேர்கிறது. பதினாறு பேர் ஒரே சுரத்தை வாசித்தாலும் பதினாறு பேரும் சரியாக 440 ஹெர்ட்ஸில் இருக்க மாட்டார்கள். ஒருவர் 440, அடுத்தவர் 441 என்றால் நொடிக்கு ஒரு விம்மல் எழும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பதினாறு பேருக்கிடையே எழும் நூற்றுக்கு மேற்பட்ட விம்மல்கள் ஒன்றோடொன்று கலந்து, எண்ணிப் பிரிக்க முடியாத ஒரு பளபளப்பாகின்றன.

ஒலிநாடாவின் காலம்

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாரி சேம்பர்லின் என்பவர் 1940-களின் இறுதியில் புதுமையான கீபோர்டு ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தனி ஒலிநாடாத் துண்டு. அந்தத் துண்டில் அந்தக் கட்டைக்குரிய சுரத்தை உண்மையான கலைஞர் வாசித்த பதிவு இருக்கும். கட்டையை அழுத்தினால், சுழலும் உருளையோடு நாடா பிணைந்து, படிக்கும் முனையின் மேல் ஓடும். விட்டுவிட்டால் சுருள்வில் நாடாவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

1962-இல் அவருடைய விற்பனையாளர் ஒருவர் இரு கருவிகளை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். பர்மிங்காம் பகுதியில் பிராட்லி சகோதரர்கள் நடத்திய சிறிய தொழிற்கூடத்தில், ஒலிநாடா படிக்கும் முனைகளை மொத்தமாகச் செய்து தரக் கேட்டார். கருவியைக் கண்ட சகோதரர்கள் அதைச் சீர்திருத்தி, 1963-இல் ‘மெல்லோட்ரான்’ என்ற பெயரில் வெளியிட்டனர். அதற்கான ஒலிகள் இலண்டனில் புதிதாகப் பதிவாயின. மூன்று வயலின்கள் சேர்ந்து வாசித்த பதிவு அவற்றுள் புகழ்பெற்றது. 1970-இல் வந்த எம்-400 என்ற வகையில் 35 கட்டைகள், 35 நாடாக்கள். ஒவ்வொரு நாடாவும் ஏறத்தாழ 8 நொடி ஒலிக்கும். எட்டாவது நொடியில் நாடா தீர்ந்துவிடும். வாசிப்பவர் கையை எடுத்து மீண்டும் அழுத்தியாக வேண்டும். பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறிச் சுருதி சற்றே இறங்குவதும் உண்டு.

இக்குறைகளுடனேயே அது உலகப் புகழ் பெற்றது. 1967-இல் பீட்டில்ஸ் குழுவினரின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலின் தொடக்கத்தில் கேட்கும் குழலொலி மெல்லோட்ரானுடையதே. மூடி புளூஸ் குழுவின் மைக் பின்டர் அதே தொழிற்கூடத்தில் முன்பு வேலை பார்த்தவர். அக்கருவியின் வயலின் ஒலியைத் தம் குழுவின் அடையாளமாகவே ஆக்கினார். இங்கிலாந்து இளவரசி மார்கரெட்டும் ஒன்று வாங்கி வைத்திருந்தாராம்!

ஆனால் இசைக் கலைஞர்களுக்குக் கலக்கம் ஏற்பட்டது. ஒருவர் வந்து ஒருநாள் வாசித்துவிட்டுப் போனால், அந்த வாசிப்பை விற்று ஆயிரம் இடங்களில் பயன்படுத்தலாம் என்றால் மற்றவர்களுக்கு வேலை எங்கே? பிரிட்டனின் இசைக் கலைஞர் சங்கம் மெல்லோட்ரானை ஐயத்துடனும் எதிர்ப்புடனும் நோக்கியது. இயந்திரத்தை எதிர்ப்பவர்களைப் பிற்போக்காளர் என்று சொல்லிவிடுவது எளிது. என் கருத்தில் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு இன்றும் முழுமையான விடை இல்லை. அன்று அவர்களைக் காப்பாற்றியது கருவியின் குறைபாடுதான். மெல்லோட்ரானின் வயலின் ஒலி உண்மை வயலினைப் போல் இருக்கவில்லை. பனிமூட்டத்துக்கு அப்பாலிருந்து கேட்பது போன்ற தனி ஒலியாக இருந்தது. அதை விரும்பியவர்கள் அதற்காகவே விரும்பினார்கள்.

ஒன்றை இங்கே கவனியுங்கள். மெல்லோட்ரானில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிப் பதிவு உண்டு. ஒலியின் தொடக்கத் தடுமாற்றமும் அதில் அப்படியே இருந்தது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலான இணைப்பு மட்டும் இல்லை. அடுத்து வந்த மின்னணுக் கருவிகள் இணைப்பைத் தராததோடு, இருந்த இவ்விரண்டையும் இழந்தன.

ஒரு நொடி நினைவகம்

1970-களில் எமினென்ட், சோலினா போன்ற மின்னணுக் கருவிகள் வந்தன. இவற்றில் பதிவே கிடையாது. அலையியற்றியில் பிறந்த ஒலியைப் பல தாமதச் சுற்றுகளின் வழியே அனுப்பி, நான் மேலே கூறிய விம்மல்களின் பளபளப்பைச் செயற்கையாக உண்டாக்கினர். இனிமையான ஒலிதான். ஆயினும் அதை வயலின் என்று எவரும் நம்பவில்லை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இரு இளைஞர்கள், கணக்கிட்டே எந்தக் கருவியின் ஒலியையும் படைத்துவிடலாம் என்ற கனவோடு 1975-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினர். கணக்கிட்டுப் பெற்ற ஒலிகள் உயிரற்றிருந்தன. வோகல் வானொலியில் கேட்ட பியானோ இசையில் ஒரு நொடியை எண்களாக மாற்றி, வெவ்வேறு வேகங்களில் திரும்ப ஒலிக்கச் செய்து பார்த்தார். ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டுக் கிடைக்காதது ஒரு நொடிப் பதிவில் கிடைத்தது! 1979-இல் ஃபேர்லைட் கணிப்பொறி இசைக்கருவி வெளிவந்தது. விலை ஏறத்தாழ 18,000 பவுன்.

மாதிரியெடுத்தல் என்பது ஒலியலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக எழுதி வைப்பதாகும். ஃபேர்லைட்டில் ஒவ்வொரு குரலுக்கும் 16,384 எண்களுக்கு மட்டுமே இடம். நொடிக்கு 16,000 முறை அளந்தால் ஒரே நொடியில் நினைவகம் நிரம்பிவிடும். ஒவ்வோர் எண்ணும் 8 பிட். அதாவது 256 படிகள் மட்டும். நான்கு ஸ்தாயிக்கு ஒவ்வொரு சுரமும் பதிவு செய்ய இடம் ஏது? ஒரே சுரத்தைப் பதிவு செய்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மற்ற சுரங்களை ஒப்பேற்றினார்கள்.

இதனால் விளைந்த கேடு என்ன தெரியுமா? வயலினின் மரப்பெட்டிக்கென்று சில நிலையான ஒத்ததிர்வுகள் உண்டு. பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ 280 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. எந்தச் சுரத்தை வாசித்தாலும் அது மாறாது. ஆனால் பதிவின் வேகத்தைக் கூட்டினால் சுரத்தோடு பெட்டியின் ஒத்ததிர்வும் மேலேறும். காதுக்கு வயலின் சுருங்கி, பொம்மை வயலின் ஆனது போலிருக்கும். கலைஞரின் விரல் நடுக்கம் நொடிக்கு 6 முறை என்றால், நான்கு அரைச்சுரம் மேலே அது ஏழரை முறையாகிவிடும். ஒலி ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் அதன் நடுப்பகுதியையே திரும்பத் திரும்பச் சுழல விட்டனர். சில நொடிகள் கேட்டால் அந்தச் சுழற்சி காதில் தட்டுப்படும்.

அக்காலக் கருவிகளுக்கு ஏற்ற ஒலி நீண்ட இழைப்பு அன்று, ஒரே அடி. ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘தீப்பறவை’ இசைத்தட்டிலிருந்து எடுத்த ஓர் ஆர்கெஸ்ட்ரா முழக்கம் ஃபேர்லைட்டின் வட்டுகளில் இருந்தது. 1982-இல் ‘பிளானட் ராக்’ பாடலில் ஒலித்தபின் அது உலகெங்கும் பரவியது. ஒரு நொடியில் முடிந்துவிடும் முழக்கத்துக்கு இணைப்பு எதற்கு?

அதே 1982-இல் பாரி மானிலோ என்ற அமெரிக்கப் பாடகர் பிரிட்டனில் நடத்திய சுற்றுப்பயணத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக சிந்தசைஸர்கள் பயன்பட்டன. இசைக் கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை அத்தகைய கருவிகளைத் தடை செய்யக் கோரித் தீர்மானமே நிறைவேற்றியது. சங்கம் முழுவதும் அதை ஏற்கவில்லை. சிந்தசைஸர் வாசிப்பவரும் இசைக் கலைஞர்தானே என்ற எதிர்வாதமும் வலுவாகவே இருந்தது.

நினைவகத்தின் விலை ஆண்டுதோறும் இறங்கியது. 1981-இல் எமுலேட்டர், 1984-இல் குர்ஸ்வைல் 250, 1988-இல் ஜப்பானின் அக்காய் எஸ்-1000 என்று கருவிகள் தொடர்ந்தன. எஸ்-1000 குறுந்தகட்டின் தரத்திலேயே, நொடிக்கு 44,100 முறை 16 பிட் எண்களாகப் பதிவு செய்தது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரு செவிகளுக்கும் இரு தடம். ஓர் எண்ணுக்கு 2 பைட். ஆக நொடிக்கு 1,76,400 பைட். கருவியோடு வந்த 2 மெகாபைட்டில் சுமார் 12 நொடி அடங்கும். உச்ச அளவான 32 மெகாபைட்டுக்கு விரிவாக்கினாலும் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான்! 1990-களில் செக் நாட்டில் பிறந்த இசைக் கலைஞர் மிரோஸ்லாவ் விட்டவுஸ் பிராக் நகரில் ஆர்கெஸ்ட்ராக் கலைஞர்களைக் கொண்டு அருமையான நூலகம் ஒன்றைப் பதிவு செய்தார். அதையும் சிறு சிறு துண்டுகளாகத்தான் கருவியில் ஏற்ற முடிந்தது.

1998-இல் வந்த ‘கிகாஸாம்ப்ளர்’ என்ற மென்பொருள் இந்தத் தளையை அறுத்தது. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அது ஒலிக்கும் நேரத்துக்குள் மீதியை வட்டிலிருந்து படித்துவிடுவதே அதன் உத்தி. எளிய யோசனைதான், ஆனால் அன்றுமுதல் பதிவின் நீளத்துக்கு எல்லை இல்லாமற்போயிற்று. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிப் பதிவு என்ற மெல்லோட்ரான் வழிக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அனைவரும் திரும்பினர்.

இணைப்பைப் பதிவு செய்தவர்

ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஹெர்ப் டுக்மாண்டல் என்பவர் செல்லோ கலைஞராக இருந்து, பின் திரைப்படத் துறைக்குச் சென்றவர். வில் பிடித்த கை அவருடையது. சுரங்களை அடுக்கினால் இசை ஆகாது என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2000-இல் அவர் தொடங்கிய வியன்னா ஸிம்ஃபோனிக் நூலகம் சுரங்களோடு இணைப்புகளையும் பதிவு செய்தது. ‘ஸ’விலிருந்து ‘ரி’க்கு, ‘ஸ’விலிருந்து ‘க’வுக்கு, பின் அவற்றிலிருந்து திரும்ப ‘ஸ’வுக்கு என்று ஒவ்வொரு தாவலையும் கலைஞர்கள் வாசித்தனர். இதற்கென்றே வியன்னாவுக்கு அருகில் அமைதியான பதிவுக்கூடம் ஒன்று கட்டப்பட்டது. முதல் தொகுப்பு 2002-இல் வெளிவந்தது.

அந்த உழைப்பை மனத்தில் கொண்டுவர ஒரு சிறு கணக்கு. மூன்று ஸ்தாயியில் 37 சுரங்கள் உள்ளன. ஒவ்வொரு சுரத்திலிருந்தும் மேலும் கீழும் ஒரு ஸ்தாயி வரை தாவலாம் எனில், எல்லைகளில் விடுபடுவன போக, மொத்தம் 732 தாவல்கள். மெல்லிய, நடுத்தர, உரத்த என மூன்று நிலைகளில் வாசித்தால் 2,196. இது ஒரே கருவிக்கு, ஒரே வகை வாசிப்புக்கு! இசையமைப்பாளர் இரு கட்டைகளை அடுத்தடுத்து அழுத்தும்போது, முதல் சுரம், உரிய தாவல், அடுத்த சுரம் ஆகிய மூன்று துண்டுகளை மென்பொருள் ஒட்டிவிடுகிறது. ஒட்டு காதுக்குத் தெரிவதில்லை.

இன்று ஒருவர் இந்த நூலகங்களை வாங்கினால் மட்டும் போதாது. பயன்படுத்தத் தெரிய வேண்டும். பியானோ பழகியவர் இரு கைகளாலும் நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்துவார். அந்த ஒலித்துண்டு பதினாறு வயலின்களுடையது என்றால், ஒரே நேரத்தில் அறுபத்து நான்கு வயலின்கள் முழங்கும்! ஒலி கெட்டியாகிக் குழம்பிவிடும். முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரி எழுதித் தனியாக வாசிப்பதே முறை. வில்லை இழைப்பதா, துள்ள விடுவதா, தந்தியை விரலால் சுண்டுவதா என்பதைக் கீபோர்டின் கடைக்கோடிக் கட்டைகளைக் கொண்டு இடக்கை தேர்ந்தெடுக்கும். பக்கத்திலுள்ள சிறு சக்கரம் வில்லின் அழுத்தத்துக்கு ஈடு. உரக்க வாசித்தால் வயலினின் ஒலி பெருகுவது மட்டுமன்றி மேற்சுரங்களும் மிகுந்து ஒலி கூர்மையாகிறது. ஆகவே ஒலி அளவை மட்டும் கூட்டினால் போதாது. சக்கரத்தைத் தள்ளத் தள்ள மெல்லிய பதிவு மறைந்து உரத்த பதிவு கலந்து வரும். ஒரே சுரத்தை நான்கு முறை தொடர்ந்து வாசிக்கும்போது அதே துண்டு நான்கு முறை வந்தால் துப்பாக்கி சுடுவது போலிருக்கும். எனவே ஒரே சுரத்தின் வெவ்வேறு பதிவுகளைச் சுழற்சி முறையில் தருவர். இணைப்புத் துண்டு ஓட நேரம் பிடிப்பதால், தாளம் பிசகாதிருக்க ஒவ்வொரு சுரத்தையும் சிறிது முன்னதாகவே நகர்த்தி வைப்பதும் உண்டு. சற்று முன் நான் கூறிய இராமனின் எந்திரத்தில் வேகம், அழுத்தம், இடம் என்று மூன்று திருகுகள். கணிப்பொறியின் முன் அமர்ந்தவர் அவற்றையே வேறு பெயர்களில் திருகிக்கொண்டிருக்கிறார்.

வாசித்தவர்கள் என்ன ஆனார்கள்? சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் 1970-களிலும் 1980-களிலும் வயலின் கலைஞர்கள் வரிசையாக அமர்ந்து வாசித்தனர். அது பல குடும்பங்களின் வாழ்வாதாரம். 1990-களில் கீபோர்டும் கணிப்பொறியும் பரவியபோது அந்த வேலை வெகுவாகக் குறைந்தது. மறுபுறம், ஆர்கெஸ்ட்ராவை அமர்த்த வசதியற்ற இளைஞர் ஒருவர் தாம் எழுதியதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள இப்போது வழி பிறந்துள்ளது. பெரிய படங்களில் நூலகத்தைக் கொண்டு வரைவு செய்துவிட்டு, இறுதிப் பதிவுக்கு உண்மைக் கலைஞர்களை அழைக்கும் வழக்கமும் உண்டு. நூலகத்துக்காக வாசிப்பவருக்குப் பெரும்பாலும் அன்றைய ஊதியம் மட்டும் கிடைக்கிறது. அவருடைய சுரம் அதன்பின் எத்தனை பாடல்களில் ஒலிக்கிறது என்பதை அவரே அறியார். விற்பனையில் கலைஞர்களுக்குப் பங்கு கொடுக்கும் நிறுவனங்கள் சில உள்ளன. அது சிலரின் பெருந்தன்மையாக இல்லாமல் எல்லாரையும் கட்டுப்படுத்தும் விதியாக இருக்க வேண்டும் என்பேன்.

நம் இசைக்கு இந்த நூலகங்கள் எவ்வளவு உதவும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மேலை இசைக்காகச் செய்யப்பட்ட தொகுப்பில் சுரங்கள் நிலையானவை. அவற்றுக்கிடையே உள்ள தாவல்கள் எண்ணக்கூடியவை. அதனால்தான் 732 என்று நம்மால் கணக்கிட முடிந்தது. தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைவுதான் அந்தச் சுரம். அசைவின் அகலமும் வேகமும் முன்னால் வந்த சுரத்தையும் பின்னால் வரப்போகும் சுரத்தையும் பொறுத்து மாறும். கலைஞரின் விரல் தந்தியில் வழுக்கிச் செல்லும் அந்தப் பாதையை எந்த இரு சுரங்களுக்கு இடைப்பட்ட தாவல் என்று பெயரிட்டுப் பதிவு செய்வது? கீபோர்டில் உள்ள சுருதிச் சக்கரத்தை உருட்டிக் கமகம் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் அப்படி உருட்டும்போது பதிவின் வேகமும் மாறுகிறது. வேகம் மாறினால் அந்த 280 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வும் கூடவே ஆடத் தொடங்கிவிடுகிறது.